பேச்சியம்மாவின் பேர் சொன்ன நாள்

கண்டிச் சீமையில் பேச்சியம்மாவைப் போல ஒரு கொடையாளி பிறந்ததே இல்லை. அவள் கொடுத்த யானைகள் வரிசையாக நின்றால் கெலிஓயாவில் தும்பிக்கையும் கடுகண்ணாவையில் வாலும் இருக்கும்.

காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் நின்று கட்டியக்காரன் சின்னமுத்து இப்படித்தான் முழங்கினான். கூத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பொருள் கொடுத்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, பானகம் கொடுத்து, மத்தளம் தட்டிப் பேர் சொல்லி மாலை போடுவது தோட்டத்துக் கூத்துக் குழுவின் வழக்கம். பெண்கள் எதைக் கொடுத்தாலும் புருஷன் பேரைத்தான் சொல்வார்கள். எட்டு வருஷம் காப்பிப்பழம் பறித்தும் பேச்சியம்மா தோட்டத்துப் பதிவில்கூட மொக்கையன் பெண்சாதிதான். இந்த ஒரு தடவையாவது தன் பேரைச் சொல்லும்படி அவள் காலையிலேயே சின்னமுத்துவிடம் கேட்டிருந்தாள். "பாப்போங்க்கா" என்று அவன் பிடிகொடுக்காமல் நழுவிவிட்டான்.

இப்போது தன் பேர் காதில் விழுந்ததும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மத்தளம் அதிர்ந்தது.

"மொக்கையன் பேரு எங்கடா?" என்றார் கங்காணி.

"அவரு யானைக்குத் தழை வெட்டப் போயிருக்காருங்க."

களமே சிரித்தது. பேச்சியம்மா ஏறக்குறைய ஓடிப்போய், மாலை வாங்கச் சின்னமுத்து முன்னே நின்றாள். கிட்டத்தில் பார்த்தால், அவன் குல்லாவுக்குக் கீழே நெற்றியில் ஏதோ மினுமினுவென்று வழிந்துகொண்டிருந்தது.

"யானையெல்லாம் இருக்கட்டும் தம்பி," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "தீவட்டிக்குன்னு நான் குடுத்த தேங்காயெண்ணெ ஒந் தலையில எப்படி ஏறுச்சு?"