மூடுவிழா அத்தான் பூங்கா பார்த்த கதை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘மூடுவிழா’. ஊர் நடுவில் இருக்கிற பழைய அரண்மனைத் தோட்டத்தில் அவர் வாட்ச்மேன். காலையில் கேட்டைத் திறப்பவர் வேறொருவர். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தானுடைய வேலை, பொழுது சாயும்போது கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டுவது. விசில், மணி எதுவும் அவருக்குத் தேவையில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுப்பார்: “நேரமாச்சு, கிளம்புங்க, கிளம்புங்க.” புல்தரையில் குறட்டை விடுகிறவன்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். அந்த அரண்மனையில் இருந்த ராஜாவின் பேச்சுக்கே அவ்வளவு மரியாதை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இது வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உறவுக்காரர் வீட்டு விருந்தில் லேசாக இருட்டினாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. காலியான நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் போய், அவருடைய செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அக்கறையாகச் சொல்வார்.

மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு அக்காவுக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாயங்காலம் முழுக்கத் தனியாக இருப்பாள். அவர் வந்து சேரும்போது பேசத் தெம்பு இருக்காது, அவருக்கும் சரி, இவளுக்கும் சரி. இங்கேயே வந்து இரும்மா என்று மகள் போனில் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அக்கா என்னையும் வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“ஊரைச் சுத்தி இத்தனை பூங்கா இருக்கு. எல்லாப் பொம்பளைங்களும் புருஷனோட வந்து உட்கார்ந்துட்டுப் போறாங்க. எனக்கு ஒரே ஒரு நாள், பொழுது சாயற வரைக்கும் நீங்க பக்கத்துல உட்காரணும். முடியாதுன்னா நான் மக வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன்.”

என் அக்கா பேச்சுக்காகப் பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். அத்தானோ, அதென்ன பிரமாதம், உட்கார்ந்தால் போச்சு என்றார்.

எனக்குக் குழாய் ரிப்பேர் வேலை. அத்தானுக்கு விடுமுறை வருகிற நாளில் என் வேனில், குழாய்களுக்கு நடுவே இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவது என்று முடிவாயிற்று.

முதலில் போனது கோட்டைச் சுவரை ஒட்டிய பூங்கா. அக்கா பெஞ்சைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள், ஆளைக் காணோம். பக்கவாட்டுக் கேட்டில் நின்று தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கேட்டை முதலில் பூட்டுவது என்று அந்தப் பூங்கா ஊழியர் ஒருவருக்கும் இவருக்கும் வாக்குவாதம் முற்றி, அதிலேயே இருட்டிவிட்டது.

அடுத்த விடுமுறைக்கு ஆற்றங்கரை ரோஜாத் தோட்டம். அங்கே உட்கார்ந்தார். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். யாரோ ஒரு ஜோடி புல்தரையில் கால் வைத்ததும் மனிதர் எழுந்து ஓடினார். அவர்கள் இவரைப் பெரிய அதிகாரி என்று நம்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்கள். அந்தத் தோட்டத்துக்குள் அன்றுதான் முதல்முறை வருகிற மனிதர், தானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கொஞ்சம் பெருமையோடுதான் திரும்பி வந்தார், அதற்குள் பொழுதும் சாய்ந்திருந்தது.

ஏரிக்கரைப் பூங்காவில் நடந்ததை நான் சொல்வதாக இல்லை. படகுக்காரர் இன்னும் எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அதற்கடுத்த விடுமுறை நாளில் அக்கா ஒரு பெட்டியோடு வந்து வேனில் ஏறினாள். ஊருக்கு வெளியே இருக்கிற மலைத் தோட்டம்தான் கடைசி. அங்கேயும் உட்காராவிட்டால் அப்படியே தன்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னாள். வழி முழுக்க அத்தான் அந்தப் பெட்டியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் நான் அவரைத் தனியே இழுத்தேன்.

“அத்தான், இது விளையாட்டு இல்ல. பெட்டி பின்னால இருக்கு. இன்னிக்கு நீங்க வாட்ச்மேன் இல்ல, தோட்டம் பார்க்க வந்தவரு. சும்மா உட்காருங்க, அது போதும்.”

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். யாரோ பூச்செடி வேலிமேல் ஏறி நின்று போட்டோ எடுத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். எதிரே கீழே பழைய நகரத்தின் கோபுரங்களும் கோட்டையும் தெரிந்தன. அக்கா பேசத் தொடங்கினாள். மகளைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி, எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசினாள். அத்தானின் மூடிய கண் திறக்கவே இல்லை. மனிதர் தூங்கி அவள் தோளில் சாய்ந்துவிட்டார். அக்கா கோபப்படவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. பின்னால் இருந்த பெஞ்சில் அக்கடா என்று உட்கார்ந்து நான் பாப்கார்ன் தின்னத் தொடங்கினேன்.

வெயில் இறங்கியது. அத்தானின் உடம்புக்கு அது போதும். கண் திறக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டார்.

“நேரமாச்சு, கிளம்புங்க, கிளம்புங்க.”

அந்தத் தோட்டம் மூட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனால் அந்தக் குரலை எதிர்த்து யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஜமுக்காளங்கள் மடிந்தன, பிள்ளைகள் தோளில் ஏறின, ஐஸ்கிரீம்காரர் பெட்டியை மூடினார், யாரோ நீரூற்றையே நிறுத்திவிட்டார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். அக்கா மட்டும் அசையவில்லை. அத்தான் பாதித் தூக்கத்திலேயே அவள் பக்கம் குனிந்தார்.

“அம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன். எழுந்திருங்க.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “நான் எழுந்தா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவேன். எழுந்திருக்கட்டுமா?”

அப்போதுதான் அவருக்கு முழுசாக விழிப்பு வந்தது. காலியான தோட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் மெல்ல உட்கார்ந்தார். எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

என் தோட்டத்தை எவன் மூடினது என்று கேட்டுக்கொண்டே அங்கே காவலுக்கு இருந்த பெண்மணி சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள். நான் குறுக்கே போய்த் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அத்தான் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

“மக என்ன சொன்னான்னு சொல்லிக்கிட்டிருந்தே? நான் தூங்கிட்டேன். மறுபடியும் சொல்லு.”

அக்கா முதலிலிருந்து சொன்னாள். ஆளில்லாத தோட்டத்தில் அவர்கள் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருட்டி விளக்கு எரிந்த பிறகு அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தாள். இப்போது நிஜமாகவே மூடுகிற நேரம். கிளம்புங்க என்றாள். அத்தான் பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம்மா. நாங்க தோட்டம் பார்க்க வந்தவங்க. இன்னும் சரியா பார்க்கல.”

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாள் அவள். அத்தான் கெஞ்சினார். கையைக்கூடக் கூப்பினார். ஊரே கெஞ்சியும் இரங்காத மனிதர் தன்னோடு உட்கார்ந்திருப்பதற்காகக் கெஞ்சுவதை அக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“போதும், எழுந்திருங்க. நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

வீட்டுக்கு என்றுதான் சொன்னாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அத்தான் எழுந்திருக்கவில்லை. அக்கா ஒரு கையையும் அந்தப் பெண்மணி மறு கையையும் பிடித்து இழுத்துத்தான் அவரைக் கிளப்ப வேண்டியிருந்தது.