நாற்பத்தோராம் காட்சிப்பொருள்

எங்கள் ஏரிக்கரை ஊரின் அருங்காட்சியகம் ஊர் நினைவைக் காக்கத் தோன்றியது என்று வாசல் பலகை சொல்லும். நாற்பது பொருள்களைப் பொறுத்தவரை அது சரிதான். நாற்பத்தொன்றாவது என் சின்னம்மாவின் கணக்கு.

சின்னம்மா பெரிய விடுதியில் அறை சுத்தம் செய்தவள். அவள் விரித்த படுக்கையில் எறும்பு நடந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடியும்; இரண்டுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் விருந்தினர் ஒருவரின் தங்கக் கடிகாரத்தைக் காணவில்லை. விடுதி முதலாளி வரவேற்பறையில் அத்தனை பேர் முன்னாலும் சின்னம்மாவின் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஒரு சீப்பும் பாதி கடித்த பிஸ்கட்டும் விழுந்தன.

"எங்க ஒளிச்சு வெச்சியோ, இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார்.

அதன்பின் எந்த விடுதியும் அவளுக்கு வேலை தரவில்லை. 'கடிகாரக்காரி' என்ற பட்டப்பெயர்தான் கிடைத்தது.

அடுத்த கோடையில் அந்த விருந்தினரே வீடு தேடி வந்து, ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். முதலாளி தம் கைப்பட அவருக்கு எழுதியது: 'கடிகாரம் நீங்கள் கொடுத்தபடி என் இரும்புப் பெட்டியில்தான் இருந்தது. இருவருமே மறந்துவிட்டோம். வேலைக்காரியை அனுப்பியாயிற்று. இது நமக்குள் இருக்கட்டும்.'

"இப்பவே போய் அவன் மூஞ்சில விட்டெறி சின்னம்மா" என்றேன்.

"அவன் ஒருத்தன் படிக்கவா? ஊரே படிக்கணும்டி."

பதினெட்டு வருடம் பொறுத்தாள். முதலாளி விடுதிக்குப் புது மாடி கட்டும்போதெல்லாம், கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்வாள்.

முதலாளி நகரசபைத் தலைவரானார். மழை பெய்தால் பயணிகளுக்குப் போக்கிடமில்லை என்று அருங்காட்சியகம் தொடங்கினார். பழம்பொருள் தர ஊரார் தயங்கவே, அவரே விதி போட்டார்: கொடுப்பவர் சொல்லும் குறிப்பு அப்படியே எழுதப்படும், பதிவேட்டில் ஏறியதைக் கொடுத்தவர் சம்மதமில்லாமல் யாரும் எடுக்க முடியாது.

சின்னம்மா கடிதத்தோடு போனாள். காப்பாளர் கண்டிப்பான வெளியூர்க்காரர். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"குறிப்பு என்னம்மா போடணும்?"

"'நான் திருடலை'ன்னு மட்டும் போடுங்க."

முதலாளிக்கு எதையும் முன்னதாகப் பார்க்க நேரமில்லை. திறப்பு விழாவன்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர் நாற்பத்தொன்றில் நின்றுபோனார். பின்னால் வந்த கூட்டம் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தது. அவர் காது சிவந்த சிவப்பில், விடிந்துவிட்டதென்று ஏரி மீன்களெல்லாம் மேலே வந்தன.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தார்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. மன்னிச்சு, அதை எடுத்துடச் சொல்லு. இன்னும் எத்தனை நாள் பழிவாங்குவே?"

"இப்பத்தானே ஐயா ஒரு வாரம் ஆகுது. வாயால கேட்டா காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க, யோசிக்கிறேன்."

நிறுத்தி நிறுத்தி இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் கதவு திறக்கும் முன்பே சின்னம்மா அந்த இரண்டு பக்கங்களோடு காப்பாளருக்காகக் காத்திருந்தாள்.

"யோசிச்சுட்டேன். இதையும் பதிஞ்சுக்குங்க."

காப்பாளர் பதிவேட்டைத் திறந்து 'நாற்பத்திரண்டு' என்று எழுதினார்.