முதல் வரியை வெட்டிய சிவப்புப் பேனை

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைத் தட்டெழுதும் பிள்ளை என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோட்டில் நிற்காது. கை நடுங்குவதால் சில எழுத்துகள் அடுத்த வரிக்குள் போய் விழுந்திருக்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். ஆனாலும் வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கவில்லை. எழுபத்தாறு வயதில் என் கையாலேயே எழுதுகிறேன். செத்தவீட்டுப் புத்தகத்தில் இதைச் சொல்லக்கூடாதுதான். எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

தவமணி ரீச்சர் இறந்த செய்தி, எங்கள் டூட்டிங் எழுத்து வகுப்புக்காரர் எல்லாருடைய கைபேசிக்கும் வந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாக வாசித்த முதல் கைபேசிச் செய்தி அதுதான். ஸ்ட்ரெதமில் பஸ் தரிப்பில் நின்று எழுத்துக்கூட்டினேன். ‘எங்கள் தவமணி ரீச்சர் இன்று காலை’ என்பதுவரை வந்ததும், இந்தக் கிழமை வகுப்பு இல்லையாக்கும் என்று நினைத்தேன். கடைசிச் சொல்லுக்குப் போய்ச்சேர எனக்கு நேரமெடுத்தது. அதுவரை அவர் உயிரோடு இருந்தார்.

அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அல்லர். முப்பது வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவர். ஓய்வுபெற்ற பின், எழுத்தறியாத கிழடுகள் ஒன்பது பேருக்குப் புதன்கிழமைகளில் வகுப்பு வைத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

எழுத்துகள் பிடிபட்டதும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். கடிதம் எப்படித் தொடங்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆயுள் முழுக்கப் பிறர் வாசிக்கக் கேட்டவர்கள் அல்லவா? ‘நான் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன்.’ ஒன்பது பேரும் அதையே எழுதினோம். ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து ஒன்பது தாளிலும் முதல் வரியை வெட்டினார்.

“நித்திரைக் குளிசைக்கு டொக்டரின்ர துண்டை நீட்டிக்கொண்டு, ‘நான் நல்ல சுகம் பிள்ளை’ எண்டு சொன்ன ஆக்களை முப்பது வருசம் பாத்தனான். பொய்யை முதல் வரியிலயே வைக்காதைங்கோ.”

“அப்ப எங்கை வைக்கிறது?” என்று கேட்டார் பக்கத்தில் இருந்த குணம் அண்ணை.

“செத்தாப் பிறகு கல்வெட்டில வைக்கலாம். அதில எல்லாரும் நல்லவைதானே.”

ஆகவே அவர் இரக்கமுள்ளவர் என்று நான் இதில் எழுத மாட்டேன்.

அடுத்து, வீட்டில் நடப்பதை எழுதச் சொன்னார். ‘மனிசிக்குப் பஞ்சி. பகலிலும் படுக்கை’ என்று எழுதிப் பெருமையோடு வாசித்தேன். வகுப்பே சிரித்தது. சோம்பேறி மனைவியைப் பற்றிக் கேட்க யாருக்குத்தான் பிடிக்காது? ரீச்சர் சிரிக்கவில்லை. “ஒரு மாசம் அவ என்ன செய்யிறா எண்டு பாத்து எழுதுங்கோ. உங்கட கருத்து வேண்டாம்” என்றார்.

எழுதினேன். மனிசி மகேஸ் எழுந்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை. தலை வாரி இழுக்கவில்லை. மகள் போன் எடுத்து அழைத்தாள், இவள் கதைக்கவில்லை. எனக்குச் சோறு வைத்தாள். படுத்தாள். நாலு கிழமையும் அதே வரிகள். வகுப்பில் வாசித்துக்கொண்டு போக, என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

“இது பஞ்சியோ?” என்றார் ரீச்சர். “இது வருத்தம், அண்ணை. டொக்டரிட்டைக் காட்டவேண்டிய வருத்தம். எப்பிடி இருக்கிறாய் எண்டு அவவை எப்பவாவது கேட்டனீங்களோ?”

“வீட்டிலதானே இருக்கிறா. என்னத்தைக் கேக்கிறது?”

“சுவரும் வீட்டிலதான் இருக்குது.”

அன்று போய்க் கேட்டேன். மகேஸ் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, “ஏன், ஆரும் செத்துப்போச்சினமோ?” என்றாள்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை தந்தார்கள். பல மாதம் காத்திருந்த பின், கிழமைக்கு ஒருமுறை ஒரு பெண் போனில் தமிழில் பேசினாள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். மகேஸ் ஒரு மணித்தியாலம் கதைப்பாள். நாற்பத்தாறு வருடத்தில் என்னோடு அவ்வளவு நேரம் அவள் கதைத்ததில்லை. அடுத்த வசந்தம் வருமுன் தலை இழுத்தாள், தேநீரைக் குடித்தாள். ஒருநாள் பெட்டியைக் கட்டினாள். பிளேஸ்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு.

“ஏன் போறாய்?”

“எனக்கு இப்ப சுகம். அதாலதான் போறன்.”

வகுப்புக்கு ஓடினேன். “நீங்கள்தான் என்ர குடும்பத்தைப் பிரிச்சனீங்கள்” என்று எல்லார் முன்னும் கத்தினேன். ரீச்சர் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

“அவவுக்குச் சுகம் வரவேணும் எண்டு வந்தனீங்களோ, உங்களுக்குச் சோறு வரவேணும் எண்டு வந்தனீங்களோ?”

வந்த வழியே திரும்பினேன். மூன்று புதன்கிழமைகள் நான் போகவில்லை. நாலாவது புதன்கிழமை காலை ரீச்சர் போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். “வாங்கோ. அவவுக்குக் கடிதம் எழுதுவம்” என்றார். அவ்வளவுதான்.

முன்பு ஊர்க்கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியவள் மகேஸ்தான். அவளுக்கே என் முதல் கடிதம், ஒரே நகரத்துக்குள் முத்திரை ஒட்டி. ஒன்பது வரி எழுதினேன். வா, ஊர் சிரிக்கிறது, மருந்தை விடாதே, சாவி பக்கத்து வீட்டில். ரீச்சர் எட்டு வரியை வெட்டினார். மிஞ்சியது, ‘பருப்பு அடிப்பிடித்துவிட்டது, சட்டியை இரண்டு நாளாகச் சுரண்டுகிறேன்’ என்பது மட்டும்.

“மிச்சமெல்லாம் கட்டளை. இதிலை மட்டும்தான் நீங்கள் இருக்கிறியள்.”

“பதில் போடுவாவோ?”

“போடாமலும் விடலாம். அதுக்கும் ஆயத்தமா எழுதுங்கோ.”

பதினொரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. ரீச்சர் ஒருமுறைகூட ஆறுதல் சொல்லவில்லை. திருத்தித் தந்துகொண்டே இருந்தார். பன்னிரண்டாவது கடிதம் அவர் மேசையில் இருக்கும்போது அவருக்கு இதயம் நின்றது. அந்தத் தாளை அவருடைய மகன் என்னிடம் திருப்பித் தந்தார். பாதிவரைதான் சிவப்பு.

இறுதிச் சடங்கில் மகேஸ் நின்றாள். வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து, “நாலாம் கடிதத்தில எழுதின முழங்கால் நோவு மாறிட்டுதோ?” என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ரீச்சரின் சவப்பெட்டி இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. “இல்லை. படி ஏற ஏலாது” என்றேன்.

மகேஸ் தலையை ஆட்டினாள்.

“திரும்பி வருவியோ?”

“மாட்டன்” என்றாள். பிறகு, “எழுதுங்கோ” என்றாள்.

ரீச்சரைத் தெரிந்த உங்களுக்கு நான் அவரைப் பற்றி வேறென்ன சொல்வது? அவர் என் வீட்டைக் காலியாக்கினார். காலியான வீட்டில் உட்கார்ந்து எழுத ஒரு கையைத் தந்தார். அவருடைய சிவப்புப் பேனையை மகனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டாவது கடிதத்தில், அவர் கை எட்டாத மீதிப் பாதியை நானே வெட்டினேன். ஒரு வரிதான் தேறியது. அதை வருகிற புதன்கிழமை பிளேஸ்டோவுக்கு அனுப்புவேன்: ‘மகேஸ், ரீச்சர் இல்லாமல் எனக்குச் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?’