அடுப்பக்காவும் அறுபத்தேழு கெல்வினும்

எங்கள் ஆய்வுக்கூடக் கட்டுரைகளில் அடுப்பக்காவின் பெயர் இருபத்தாறு வருடமாக வந்துகொண்டிருக்கிறது, எப்போதும் கடைசிப் பத்தியில். கருவி கொடுத்தவர்கள், கட்டடம் கொடுத்தவர்கள், குளிர்நீர் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர் என்று எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, ‘படிகங்கள் வளர்த்துத் தந்தமைக்காக’ என்று ஒரு வால். அவர் படிகம் தராவிட்டால் எங்களுக்கு அளக்க ஒன்றும் கிடையாது. அளக்காவிட்டால் பெருமையடித்துக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, நன்றியை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

தாமிர ஆக்சைடுப் படிகங்களை உலையில் வளர்ப்பது அக்காவின் வேலை; அடுப்பக்கா என்ற பட்டம் வந்ததும் அதனால்தான். நகத்தளவு கறுப்புத் துண்டு. அதை ஆக்சிஜன் ஓடும் குழாயில் நாட்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவார். ஆக்சிஜன் நிறைய ஏறியிருந்தால் தொண்ணூறு கெல்வினுக்கு, அதாவது மைனஸ் நூற்று எண்பத்து மூன்று டிகிரிக்குக் கீழே மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும்; மீகடத்தல் என்பது இதைத்தான். குறைவாக ஏறியிருந்தால் இன்னும் குளிரவைக்க வேண்டும்.

அந்தத் துண்டின் மேல் கொள்கை கட்டுவது என் வேலை. ஆக்சிஜன் குறைந்த படிகத்தில் எலெக்ட்ரான்கள் வரிசை கட்டி நிற்கும். மின்னூட்ட ஒழுங்கு என்போம். ஆக்சிஜன் ஏற ஏற அந்த வரிசை கலையும். அது அடியோடு கலைந்துபோகும் விளிம்புக்குக் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி என்று பெயர். மீகடத்தலின் ரகசியமே அந்த விளிம்பில்தான் இருக்கிறது என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்தேன். ஆக, ஆக்சிஜன் நிரம்பிய படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், வரிசையைக் காட்டும் மேடு வரைபடத்தில் வரக் கூடாது. வராவிட்டால் நான் மேதை.

இந்தக் கட்டுரையில் அக்காவை ஆசிரியராகவே சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் அவரை அழைத்துப்போக வரும் கணவர், பஸ் டிரைவர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்ன சார், எங்க வீட்டம்மா பேருக்கு இந்தத் தடவையாவது உள்ள எடமுண்டா, இல்ல ஃபுட்போர்டுதானா?”

“சீட்டே போட்டாச்சுங்க.”

மறுநாளே டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார்.

மகளின் பிரசவத்துக்காக அக்கா இரண்டு வாரம் விடுப்பில் போனார். படிகத்தில் மின்தடை அளக்கும் கம்பிகளை ஒட்டுவது மட்டும் பாக்கி. “நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க சார்” என்றார். வெள்ளிப் பசை தடவிச் சுடுவது என்ன பெரிய வித்தையா? நானே வெற்றிட அடுப்பில் நானூறு டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டேன். வழக்கமாக ஆக்சிஜன் குழாயில்தான் சுடுவார்கள். அந்தக் குழாயின் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியவில்லை; யாரையாவது கேட்கலாம் என்றால் பேராசிரியர் பதவி விடவில்லை.

எக்ஸ் கதிர்க் கூடத்தில் எங்களுக்கு ஒதுக்கியது ஆறு நாள். மூன்றாம் நாள் மத்தியானம் மேடு வந்தது. சின்ன மேடு அல்ல, ஒட்டகத் திமில். பதினோரு வருடக் கொள்கை என் கண்ணெதிரே செத்தது. காபி ஆறுவதற்குள் அடுத்த கொள்கை பிறந்துவிட்டது: ஒழுங்கு கலைவதே இல்லை, இதை நான் எப்போதோ சந்தேகித்தேன்! போதாக்குறைக்கு, மின்தடை தொண்ணூறில் மறையாமல் அறுபத்தேழில் மறைந்தது. ஒழுங்கு மீகடத்தலின் கழுத்தை நெரிக்கிறது என்று அதையும் இரண்டாவது கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து வந்த அக்காவிடம் கட்டுரையை நீட்டினேன். இரண்டாவது பெயர் அவருடையது. அவர் பெயரைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார்.

“அறுபத்தேழா? நான் குடுக்கறப்போ காந்தத்துல வச்சுப் பாத்தேன், தொண்ணூறு இருந்துச்சே சார்.”

“அதுதான் அக்கா கண்டுபிடிப்பே!”

“கம்பி யாரு ஒட்டினது?”

“நான்தான்.”

“எதுல சுட்டீங்க?”

“வெற்றிட அடுப்புல.”

“ஆக்சிஜன்?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சரியாப் போச்சு. ஒன்பது நாள் ஏத்தி வச்சதை ரெண்டு மணி நேரத்துல வெளிய துரத்திட்டு, வரிசை நிக்குது வரிசை நிக்குதுன்னா, நிக்காம என்ன செய்யும்?”

தோற்றவன் தர்மத்தைத் துணைக்கு அழைப்பான். நான் அவருடைய நன்மையையே அழைத்தேன். “இது போச்சுன்னா உங்க பேரும் போயிடுமே அக்கா. டிப்போவுல வேற சொல்லிட்டாரு.”

அக்கா கொஞ்ச நேரம் அந்த இரண்டாவது பெயரைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

“நாளைக்கு எவனாவது நெறைஞ்ச படிகத்தை வச்சு அளந்து பாத்து, மேடே இல்லன்னு சொல்லுவான். அப்போ உங்களையா திட்டுவாங்க? அந்தம்மாவுக்கு வளர்க்கவே தெரியலைம்பாங்க. பேரை எடுத்துடுங்க சார்.”

கட்டுரை குப்பைக்குப் போனது. சாயங்காலம் கணவர் ஆவலாகக் கேட்டார். “சீட்டு என்னாச்சு?”

“நானே இறங்கிட்டேன். வண்டி தப்பான ரூட்டுல போகுது” என்று அக்கா அவருடைய பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓடும் பஸ்ஸில் தொற்றுபவர்களைப் பார்க்கும் பார்வை.

படிகத்தை அக்கா மறுபடி ஆக்சிஜன் குழாயில் வைத்தார். ஒன்பது நாளில் தொண்ணூறு திரும்பியது. அதற்குள் கதிர்க் கூடத்தில் எங்கள் முறை முடிந்துவிட்டதால், விளிம்பு எங்கே என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் கம்பி ஒட்டும்போது படிகம் எப்படிக் கெடுகிறது என்பதை அக்காவையே எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம். ஆசிரியர் அவர் ஒருவரே. அதை மேற்கோள் காட்டியவர்கள் அளவுக்கு, என் பதினோரு வருடக் கட்டுரைகளையெல்லாம் கூட்டினால்கூட ஆள் தேறாது.

என் பெயரும் அதில் இருக்கிறது. கடைசிப் பத்தியில், குளிர்நீர் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவருக்கு அடுத்து: ‘படிகத்தைச் சுட்டுத் தந்தமைக்காக.’