ஏறுகிற வண்டி, ஏற முடிகிற வண்டி

ஜீப் வாங்கப் போகிறோம் என்று வாய்தவறிச் சொன்னேன், பதுளையே பொறியியலாளர் ஆகிவிட்டது. எங்கள் துணிக்கடைக்குச் சேலை பார்க்க வந்த பெண்கள்கூட சேலையை மடியில் வைத்துக்கொண்டு டயரைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் எல்லோரும் வந்து நின்றது ஒரே கேள்வியில்தான். "அது ஏறுமா?"

ஏற வேண்டிய இடம் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், என் அக்கா தனியாக இருக்கிறாள். கணவர் இல்லை, மகன் கொழும்பில். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. முறை வைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மழை பிடித்தால் எந்த ஆட்டோக்காரரும் அந்தக் கல்ரோட்டில் ஏற மாட்டார். போன மழைக்காலம் முழுக்க அவள் முறை தவறிக்கொண்டே இருந்தது. இனியும் தவறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எங்களோடு வந்து இரு என்று அழைத்தால், கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டின் செங்குத்துப் படிகளைக் காட்டி, "இதுல என்னைய யாரு தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டாள். ஆகவேதான் ஜீப்.

கண்ணில் பட்டது இரண்டு. ஒன்று பண்டாரவளையில் ஒரு மரக்கறி வியாபாரியுடையது. பழைய ஜப்பான் ஜீப், பெட்டி மாதிரி இருக்கும். கியருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கியர். அதைத் தள்ளிவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து ஆமை வேகத்தில், ஆனால் விடாமல் இழுக்கும். அடிவயிறு தரையிலிருந்து நல்ல உயரம். உட்கார்ந்தால் மட்டும் எலும்பெல்லாம் பேசும். மற்றது, பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் எங்கள் குடும்ப நண்பர் முதலாளியுடையது. புதுசு. மெத்தை போன்ற சீட், பின்னால் பார்க்கக் கமரா, மலைப்படம் போட்ட ஒரு பொத்தான். அதை அமுக்கினால் போதும் என்று முதலாளி சத்தியம் செய்தார். அவர் பேச்சைக் கேட்டால் மலையே இறங்கி வந்து வழிவிடும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் பழசின் கட்சி. ராத்திரி பகலாக யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர்கள் ஆற்றுக்குள் ஜீப் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "சின்ன கியர் இல்லாத ஜீப்பு, ஜீப்பே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். நான் புதுசின் கட்சி. நோயாளியை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய வண்டி, மூட்டை ஏற்றுகிற வண்டி இல்லை என்பது என் வாதம். சோறு போடும்போதும் இதே சண்டை. கடைசியில் அவர், "மழை பெஞ்ச மறுநாள் ரெண்டையும் ஒண்ணா மேல கொண்டு போவோம். எது ஏறுதோ அது" என்றார். அக்காவின் முறை நாளாகப் பார்த்துப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடலாம் என்று நானும் சரி சொன்னேன்.

அப்படியே அவள் முறைக்கு முதல் நாள் மழை பெய்தது. மறுநாள் காலையில் அக்காவுக்குச் சொல்லாமலே கிளம்பினோம். பழையதில் வியாபாரியும் என் வீட்டுக்காரரும் முன்னால்; புதியதில் முதலாளியும் நானும் பின்னால். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் அந்த ரோடு, மேலே லயத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு முழுசாகத் தெரியும். கடைசிக்கு முந்தின வளைவு வரைக்கும் புதியது பூ மாதிரி ஏறியது. நான் என் வீட்டுக்காரரை எப்படிக் கிண்டல் செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வளைவில் சக்கரம் சேற்றில் சுற்றியது, வண்டி பின்னால் வழுக்கியது, அடியில் ஒரு கல் கறகறவென்று தேய்த்தது. முதலாளி மலைப்படத்தை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி நடந்து போய், முன்னால் காத்து நின்ற பழையதில் ஏறிக்கொண்டேன். அது முனகிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தது.

பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் அந்த இடத்தில், லயத்துச் சனம் அத்தனையும் திரண்டு நின்றது. எல்லோர் கையிலும் மூட்டை. ஒரு பெண் தகரப் பெட்டியைத் தலையில் வைத்திருந்தாள். பிள்ளைகள் குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் கோழியைக் கமுக்கட்டில் இடுக்கியிருந்தார். ஜீப் நின்றதும் எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்தப் பக்கம் ஒடையுது? ஸ்கூலுக்கா போகணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்த மலையில் ஒரு ஜீப் வந்தால் தோட்டத்தை நடத்தும் தொரை வருகிறார் என்று அர்த்தம். மழைக்குப் பிறகு இரண்டு ஜீப் சேர்ந்து வந்தால், மண்சரியப் போகிறது, ஆட்களை இறக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று அர்த்தம். கீழ் வளைவில் எங்கள் இரண்டு வண்டியையும் கண்டவுடனேயே அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இல்லங்க... நாங்க ஜீப்பு ஏறுமான்னு பாக்க வந்தோம்."

கோழிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள், ஒரு கிழவர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அந்தக் கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். அவள் இல்லை.

ஓடினேன். அவள் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன், கத்தினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். திறந்துவிட்டுத் திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். மூட்டை கட்டிய அடையாளமே இல்லை.

"மண்சரிவு இல்லையா?" என்றாள்.

"இல்ல. நாங்கதான் ஜீப்புல வந்தோம். நீ ஏன்க்கா வெளிய வரல? ஊரே ஓடி வந்து நிக்குது, நீ தாப்பா போட்டுட்டு உக்காந்திருக்க!"

"தொறந்திருந்தா தூக்க வந்துருவாங்க. அதான் போட்டேன்."

சாதாரணமாகச் சொன்னாள், மழைக்கு ஜன்னலைச் சாத்தினேன் என்பது மாதிரி. எங்கள் வீட்டில் சின்னக் கியரா மலைப்படமா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், இவள் இங்கே மண் வந்தால் வரட்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று கூப்பாடு போட்டேன்.

"போன மழையில மண்சரிவுன்னு நாலு பேரு என்னைய நாக்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுக்காரரு வழுக்கி விழுந்து காலு ஒடஞ்சுச்சு. இன்னும் வேலைக்குப் போகல. நான் பொழைக்க இன்னொருத்தர் நொண்டணுமா?"

"அதுக்குத்தானேக்கா ஜீப்பு! ஏறி வந்து களத்துல நிக்குது பாரு!"

"ஜீப்பு ஏறும்டி. நான் அதுல ஏறுவேனா? அத யாராச்சும் பாத்தீங்களா?"

டயர் பார்த்தோம், கியர் பார்த்தோம், அடிவயிறு பார்த்தோம். வீங்கிய காலை வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு உயரம் தூக்கி வைப்பாள் என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அவளால் தானாக ஏறி உட்கார முடிகிற வண்டி கடைசி வளைவில் சேற்றில் கிடந்தது. வந்து சேர்ந்த வண்டியின் வாசலோ எனக்கே இடுப்பு வரைக்கும் இருந்தது.

"அக்கா." வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி, தகரப் பெட்டியைத் தலையில் இன்னும் இறக்காமல் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரரு கால ஒடச்சது நீங்களா? பாத்ரூம் செருப்பப் போட்டுட்டுத் தூக்க வந்தாரு. போடாதீங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அவரு புத்திக்கு நீங்க ஏன் சாகணும்?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் கண்டதில்லை. இத்தனை மாதமாக அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்த பழியை, அடுத்த வீட்டில் ஒரு செருப்பின்மேல் போட்டு முடித்திருந்தார்கள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து ஜீப் வரைக்கும் அவளே நடந்து வந்தாள். மூட்டைகளோடு நின்ற சனம் வழிவிட்டது. ஆண்கள் இரண்டு பேர் பழக்கத்தில் கை நீட்டினார்கள். "தொடாதீங்க" என்றாள். அவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி தகரப் பெட்டியை இறக்கி, ஜீப்பின் வாசலுக்குக் கீழே வைத்து, ஆடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

அக்கா ஒரு காலைப் பெட்டிமேல் வைத்தாள். தகரம் நெளிந்து சத்தம் போட்டது. என் கை தானாக நீண்டது. அவள் பார்த்த பார்வையில் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கதவுக் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வெற்றிலை போட்டிருந்த வியாபாரி வாயை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவ மட்டும் நீ சாத்து," என்றாள் என்னிடம். "எனக்கு எட்டல."

முதல் தடவை கதவு சரியாக மூடவில்லை, மறுபடி திறந்து சாத்தினேன்.