கால் நின்றால் கணக்கும் நிற்கும்

டுடோரியலில் கணக்கு எடுப்பவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு: பரீட்சை எழுதுவது பிள்ளைகள், பயப்படுவது நாம். பத்தாவதில் கோட்டை விட்டவர்களை அக்டோபர் பரீட்சைக்குத் தேற்றிவிடும் வேலையை எண்பதுகளில் ஆரணியில் நான் பார்த்தேன். இதே வேலையில் மாட்டிக்கொண்ட டீச்சர்களே, பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே இளைத்துப்போன அப்பா அம்மாக்களே, நீங்களெல்லாம் நம்ம கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பாவின் தீர்ப்பு

மார்ச்சில் கணக்கில் மட்டும் தவறிப்போன கமலாவை அவள் அப்பா சைக்கிளில் கூட்டி வந்தார். பட்டு நெசவு வீடு. மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டேன். "நர்சுங்க டீச்சர்" என்றாள், என் காதுக்கே எட்டாத குரலில். அப்பாவுக்கு எட்டிவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது, ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தபா பாஸ் பண்ணிட்டான்னா பிளஸ் ஒன்னு. இல்லியா, தறியில குந்த வேண்டியதுதான். நடுவுல பேச்சே இல்லீங்க டீச்சர்."

மூச்சை இழு, மெதுவாக விடு

மாதிரித் தேர்வு என்று சொன்னாலே பாதி வகுப்புக்கு வயிற்று வலி வரும். கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் தேவராஜுக்கு வேர்த்து, விடைத்தாளே நனைந்துவிடும். ஏதோ பத்திரிகையில் படித்த வைத்தியத்தை ஒருநாள் உற்சாகமாக இறக்கினேன். எல்லோரும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக விட வேண்டும். பிறகு எழுதலாம்.

வகுப்பே கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கண் திறந்து எழுத ஆரம்பித்தார்கள். தேவராஜ் மட்டும் கன்னத்தில் கைவைத்தபடி பயிற்சியைத் தொடர்ந்தான். என்ன ஒரு ஈடுபாடு என்று பூரித்துப்போனேன். மணி அடித்ததும்தான் திடுக்கிட்டு விழித்தான். "பயம் சுத்தமா பூட்ச்சி டீச்சர். டைமும் கூடவே பூட்ச்சி."

தறிமேல் ஒட்டிய பாடம்

அன்று கமலா வெள்ளைத்தாளாகவே கொடுத்துவிட்டுப் போனாள். வாயால் கேட்டாலும் ஒரு சூத்திரம் வரவில்லை. வீட்டில் எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறாள் என்று அவள் அம்மா சத்தியம் செய்தார். இதென்ன பேஜார் என்று நேரே வீட்டுக்கே போய்விட்டேன்.

தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். எதிரே கட்டையில் சூத்திரத் தாள் ஒட்டியிருந்தது, ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை. கால் மாறி மாறி மிதிக்க, ஊடுநூல் நாடா இப்படியும் அப்படியும் ஓட, உருளை, கூம்பு, கோளம் என்று ஒன்றுவிடாமல் வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. "கூம்பின் வளைபரப்பு, பை ஆர்..." என்னும்போது ஒரு இழை அறுந்தது. கால் நின்றது. வாயும் நின்றது. அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று நான் பறக்கிறேன், அவள் விழிக்கிறாள். அம்மா அடுப்படியிலிருந்து சாவகாசமாகச் சொன்னார்: "இருங்க டீச்சர், இழய முடிஞ்சிட்டு மிதிச்சான்னா மீதிய சொல்லுவா."

ஆடும் பெஞ்சு

எனக்குத் தலைகால் புரியவில்லை. நோய் தெரிந்துவிட்டது! பரீட்சை ஹாலுக்குத் தறியைத் தூக்கிப்போக முடியாது, காலைக் கொண்டுபோகலாமே. மறுநாள் மாதிரித் தேர்வில், "செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே மிதித்துக்கொண்டே எழுதும்மா" என்றேன். எழுதினாள். பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், அதே பெஞ்சில் வடிவியல் வரைந்துகொண்டிருந்த தேவராஜை மறந்தே போனேன். முக்கோணத்தைத் தூக்கிக் காட்டினான். மூன்று பக்கமும் ஏரி அலை. "இவளுக்குத் தனி பெஞ்சு போடுங்க டீச்சர், இல்லன்னா நான் கண்ணமங்கலம் பஸ்ல குந்தியே வரஞ்சிக்கிறேன்."

ஹாலில் நடந்தது

கணக்குப் பரீட்சை அன்று கேட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் கமலா ஓடி வந்தாள், மூச்சு வாங்க. கால் ஆடுவதைக் கண்ட மேற்பார்வையாளர், காலடியில் பிட் வைத்திருக்கிறாள் என்று எழுப்பி நிறுத்திவிட்டாராம். பாதத்தைத் தூக்கச் சொன்னார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். ஒன்றும் இல்லை. "காலை ஆட்டாமல் எழுது" என்றிருக்கிறார். அவ்வளவுதான், கூம்பு போனது, கோளம் போனது.

வாயே திறக்காத பெண், எழுந்து நின்று, "நாங்க தறிக்காரங்க சார், காலு நின்னா எனுக்கு கணக்கு வராதுங்க" என்று சொல்லியிருக்கிறாள்! கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு அவர் என்ன சொன்னார் என்று உலுக்கினேன். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "சரி, மெதுவா மிதி. சத்தம் வந்துச்சி, பேப்பர வாங்கிடுவேன்."

நம்பர்

தேடலில் போன நேரத்தில் கடைசிக் கணக்கு விட்டுப்போயிருந்தது. ரிசல்ட் வரும்வரை அந்த ஒரு கணக்கு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பேப்பர் கட்டு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் ஒரே தள்ளுமுள்ளு. நான் ஒரு பக்கம் இழுக்க, கமலாவின் அப்பா மறுபக்கம் இழுக்க, பேப்பர் கிழிந்தது. நம்பரைக் காணோம். அவர் முகம் செத்துவிட்டது. அந்தச் சிரித்த மனிதர்தானா இவர் என்று இருந்தது. அப்போது தேவராஜ் நடுவில் புகுந்து, "வேலூர் நம்பர பாத்துகினு கீறீங்க, ஆரணி இந்தாண்ட!" என்று விரலை வைத்தான். அவன் நம்பர் இருந்தது. கீழேயே கமலாவின் நம்பரும் இருந்தது.

நான் ரோட்டில் நின்று குதித்தேன், டீச்சர் என்பதெல்லாம் மறந்துபோய். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு பின்னால் நின்ற மகளிடம் சொன்னார்: "போ, போய் உங்கம்மாகிட்ட சொல்லு, தறிக்கு வேற ஆள பாக்கச் சொல்லு."

ஆக, பிள்ளைகளின் பரீட்சை பயத்துக்கு எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடுகிறது, டீச்சரின் பயத்தைத் தேற்றத்தான் ஆரணியில் இன்றுவரை ஒரு டுடோரியல் இல்லை.