நாகலெட்சுமி கிள்ளாமல் விட்ட பூ

வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமியின் கைவேகம் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து பறிக்கும்போது வேண்டியது கூடைக்குப் போகும், வேண்டாதது ஒடிந்து கீழே விழும். அதிலும் தேயிலைச் செடியில் பூவைக் கண்டால் அவளுக்குப் பொறுக்கவே பொறுக்காது. செடியின் சத்தையெல்லாம் பூ உறிஞ்சிக்கொண்டால் கொழுந்து எங்கிருந்து வரும்? கல்யாணம் ஆன நாளிலிருந்து பறிக்கிறவள்; பூ என்றாலே அவளுக்குப் பகையாளிதான்.

போன மழைக்காலத்தில் வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்ததில் முழங்கால் கெட்டுப்போனது. அதற்குப் பிறகு சரிவில் ஏறுவதென்றால் உயிர் போய்த் திரும்பி வந்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சி, அவள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் கேட்டு வாங்கினாள்.

"இந்தத் தடவ வெளைஞ்சா நீயே வச்சிக்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன், நீ மறுபடி கொழுந்துக்கு வந்துறணும்," என்றார் அவர்.

ஹற்றனில் விதைக்கடை வைத்திருக்கும் ஹலீமாவிடம் பூசணி விதை வாங்கிப் போட்டாள். கொடி ஓடியது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சில பூக்களுக்கு அடியில் குட்டியாக ஒரு பிஞ்சு இருந்தது. மற்றவை வெறும் காம்பில் நின்றன. "திங்கிறதுக்கு மட்டும் நிக்கிதுக," என்று முணுமுணுத்தபடி, வெறும் பூவையெல்லாம் விடிந்ததும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். தேங்காய்ப்பூ போட்டு அவள் வதக்கிச் சுண்டிக் கொடுத்ததைப் புருஷன் கஜேந்திரன் வழித்துச் சாப்பிட்டான். "காயே வேணாம் புள்ள, இதுவே போதும்," என்றான். அவனுக்கென்ன, முழங்கால் அவனுடையதா?

பிஞ்சுகளோ ஒவ்வொன்றாக மஞ்சளித்து, அழுகி, உதிர்ந்தன. சாணி போட்டாள், சாம்பல் தூவினாள், மாரியம்மனுக்கு விளக்கும் போட்டாள். ஒன்றும் நிற்கவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள் லயத்துப் பெண்கள். அவளோ தன் கைதான் ராசியில்லாத கை என்று முடிவு கட்டிவிட்டாள். கால் வீங்கிப் படுத்தபோது பூசணிக்கொடியை எட்டிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. திரும்பவும் அந்தச் சரிவில் எப்படி ஏறப் போகிறோம் என்ற பயம்தான் அவளைத் தின்றது.

ஒரு வாரம் கழித்து, கொடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நொண்டி நொண்டிப் போனாள். இலையை விலக்கினால், கைப்பிடி அளவில் ஒரு காய்! அழுத்திப் பார்த்தாள், கல்லாட்டம் இருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று, வேலியோரம் இன்னும் இரண்டு. ஈரமண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. நான் தொடாதபோது காய்க்கிறதென்றால் நிஜமாகவே என் கைதான் பீடையா? உடனே ஹலீமாவுக்குப் போன் போட்டாள்.

"தெனமும் என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டாள் ஹலீமா.

"அடியில பிஞ்சு இல்லாத பூவ எல்லாம் கிள்ளி, சுண்டி வச்சிருவேன்க்கா."

மறுமுனையில் ஹலீமா மூச்சு விடாமல் சிரித்தாள். "அல்லாவே! அது ஆம்பளப் பூ! அதுல உள்ள மஞ்சப் பொடிய தேனீ ஒடம்புல ஒட்டிக்கிட்டுப் போயி, பிஞ்சு உள்ள பூவுல சேத்தாத்தான் காய் நிக்கும். மாப்பிள்ளைங்களப் பூரா நீங்க சுண்டித் தின்னுட்டீங்களே!"

நாகலெட்சுமிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல இருந்தது. ராசியில்லாத கை இல்லை, கொஞ்சம் அவசரக் கை, அவ்வளவுதான்.

காய்கள் பருத்ததும் கண்டாக்கையா வந்து பார்த்தார். "கடைசியில என்னத்தப் போட்ட?"

"ஒண்ணும் போடலங்கையா. கையக் கட்டிக்கிட்டு சும்மா இருந்தேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கஜேந்திரன் சோற்றைக் கிளறிப் பார்த்தான். "இப்பல்லாம் பூவே வைக்க மாட்டேங்கிற?"

"அதுக்கு வேல இருக்கு. நீங்க பருப்ப ஊத்திச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, வலிக்கிற காலை நீட்டி நிம்மதியாக உட்கார்ந்தாள்.